மொரிஸ் மைனர் பிக்கப்பும் ஒன்பதின் கணக்கும்



ஊர் வரலாறு என்றால் பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, பாடசாலை எப்போது தொடங்கியது, முதலில் வந்து கடை போட்டவர் யார் என்றுதான் நாங்கள் எழுதுகிறோம். இன்று வேறொன்று. பிக்கப்பின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டு முற்றத்திலேயே முழு எஞ்சினையும் டியூன் பண்ணிய ஒரு தலைமுறையின் வரலாறு. பதிவு நீளம்தான். தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

முதலில் பாதையிலிருந்து வருவோம். பெரிய ரயில் பாதை 1885 இல் நானுஓயாவுக்கு வந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 2 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு குறுகிய ரயில் பாதை 1903-04 இல் போடப்பட்டது. தேயிலை கீழே போனது, அரிசியும் உரமும் மேலே வந்தன. 1940களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகளிடம் "இராகலைக்கு ரயில் ஓடியது" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வலப்பனைக்கோ ரயில் வந்ததே இல்லை. ஒன்று இராகலைக்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் படியப்பெலெல்ல, ரிக்கில்லகஸ்கட, ஹங்குராங்கெத்த என்று வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்க வேண்டும். புடவை, பலசரக்கு, மரக்கறி எதுவானாலும் டயரில்தான் போக வேண்டும்.

பெரிய லொறி வாங்க வசதியில்லாத சின்ன வியாபாரிக்கு ஏற்ற வண்டியாக அப்போது இருந்தது மொரிஸ் மைனர். கார் 1948 இல் வந்தது. அதே வண்டியின் வேனும் பிக்கப்பும் 1953 இல் வந்தன. கால் தொன் சுமை என்பதுதான் கம்பனியின் கணக்கு. எங்கள் ஆட்கள் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

வீட்டுத் திருத்தத்துக்கு உண்மையான காரணம் ஆசை அல்ல, நாட்டின் கஜானா. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் வாகன இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 1970 இல் சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் வந்த பிறகு அது இன்னும் இறுகியது. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறக்கும் வரை, கையிலிருக்கும் வண்டிதான் வண்டி. அந்தக் காலத்து வரலாறு என்றாலே பாண் கியூவும் மரவள்ளிக் கிழங்கும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதே காலத்தில்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் கைகள் எஞ்சினைப் படித்தன என்பதை யாரும் எழுதவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய பாகம் தேடி வாங்கி வருவது ஒரு நாள் வேலை. அந்தப் பாகத்தை மாட்டக் கராஜுக்கும் காசு கொடுக்க எல்லோராலும் முடியவில்லை.

இரண்டாவது காரணம் எங்கள் மலை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அதோடு பழைய காபரேட்டருக்கு ஏறிய உயரம் தெரியாது. குறைந்த காற்றுக்கு அதிகப்படி பெற்றோலைக் கொடுக்கும். பிளக்கில் கரி படியும், புகை கறுக்கும், வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். கொழும்பில் டியூன் பண்ணிய வண்டி இங்கே வந்து அழுததற்குக் காரணம் இதுதான். கண்டி சுமார் 500 மீற்றரில் இருக்கிறது. காலையில் நுவரெலியாவுக்கு ஏறி மாலையில் கண்டிக்கு இறங்கும் வண்டிக்கு எந்த அளவில் வைப்பது என்பது பழைய ஆட்களிடையே தீராத விவாதம். எந்தக் கராஜ் பாஸும் வந்து தீர்த்து வைக்க முடியாது. ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

(பாஸ் என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்கும் கராஜில் ஒரே சொல். கராஜ் மொழிக்கு இனமில்லை.)

இனி அந்த வேலையைப் பார்ப்போம். இதில்தான் எங்களுக்கு ஆர்வம் அதிகம், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மொரிஸ் மைனரின் எஞ்சின் 1952 இல் 803 சிசி, 1956 இல் 948, 1962 இல் 1098 என்று வளர்ந்தது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். டியூனப்பில் ஒரு வரிசை இருந்தது: முதலில் டெப்பட், பிறகு பிளக், பொயின்ட், டைமிங், கடைசியில்தான் காபரேட்டர். வரிசையை மாற்றினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். டெப்பட் சரியில்லாத எஞ்சினுக்குக் காபரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரி.

டெப்பட் பார்ப்பது எஞ்சின் ஆறியிருக்கும்போது, காலையில். வண்டியை நியூட்ரலில் விட்டு, டயருக்குக் கல் வைத்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால் எஞ்சினைக் கையாலேயே சுற்றலாம். பெரும்பாலும் வீட்டுப் பையன்தான் ஹாண்டிலில் நிற்பான். மொத்தம் எட்டு வால்வு. முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதலாவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது எட்டாவதைச் சரிபார்க்கலாம். மூன்று அமுங்கினால் ஆறு. ஐந்து அமுங்கினால் நான்கு. இரண்டு அமுங்கினால் ஏழு. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது! இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீற்றர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்கூட இந்த ஒன்பதின் கணக்கில் பிழைவிட்டதில்லை. வகுப்பில் கூட்டல் சோடிகளைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் இப்போது இதைத்தான் எடுக்கிறோம். பையன்கள் கண்ணை அகல விரிக்கிறார்கள்.

பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். பொயின்டுக்கு 0.015, அதாவது 0.38 மில்லிமீற்றர். பொயின்ட் வைத்து நெருப்புப் பொறி உண்டாக்கும் இந்த முறையை அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கெடிலாக் காருக்காகச் செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் உலகம் முழுக்க அதுதான் ஓடியது. ஃபீலர் கேஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? சவர பிளேட் ஒன்றின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். நான்கை அடுக்கினால் 0.4. நல்ல கேஜுக்கு ஈடாகாது, ஆனால் சந்தைக்குப் போய்வர அது போதும்.

எங்கள் பக்கத்துப் பனிக்கு இன்னொரு வைத்தியம் இருந்தது. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ளே ஈரம் பிடித்தால் பொறி வழிதவறிப் போகும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, அடுப்படியில் சூடு படுகிற இடத்தில் வைத்துக் காயவிடுவார்கள். சோறு வேகும் பக்கத்தில் டிஸ்ரிபியூட்டர் மூடி இருப்பதைப் பொறுத்துக்கொண்ட உம்மாமாரையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும்.

டைமிங்குக்குக் கருவி, 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்றும் இரண்டு வயரும். பொயின்ட் திறக்கும் அந்தக் கணத்தில் பல்பு எரியும். எஞ்சினை மெல்லச் சுற்றி, புலியில் உள்ள வெட்டுக்குறி சரியான இடத்துக்கு வரும்போது பல்பு எரிகிற மாதிரி டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குவார்கள்.

கடைசியில் காபரேட்டர். மொரிஸில் இருந்தது எஸ்.யூ. ஸ்கின்னர் என்ற குடும்பத்தார் உருவாக்கியது. அவர்கள் சப்பாத்து வியாபாரக் குடும்பம், முதல் காபரேட்டரில் தோலைப் பாவித்தார்கள் என்பது ஒரு ருசிகரமான தகவல். அதில் உள்ள பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக, மெல்ல உயர்த்திப் பார்ப்பதுதான் சோதனை. சத்தம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தடுமாறி நின்றால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள நட்டை மேலே திருகினால் பெற்றோல் குறையும். இராகலைக்கு ஏறி ஓடுகிறவர்கள் அதை இன்னும் கொஞ்சம் மேலே திருகி வைப்பார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் வளிமண்டல அழுத்தம் பற்றி நாங்கள் இரண்டு பாடவேளை படிப்பிப்பதை, அந்த நட்டை அரைச் சுற்றுத் திருப்பி முடித்தவர்கள் இவர்கள்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1959 இல் இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது உண்மை. ஆனால் எங்கள் ஊர்களில் இது பெரும்பாலும் கையிலிருந்து கைக்குத்தான் வந்தது. தோட்டத்து ஃபெக்டரி ஃபிட்டர்மார், தோட்ட லொறி டிரைவர்மார், அவர்களின் கிளீனர் பையன்கள்தான் வாத்தியார்கள். தேயிலையின் வரலாற்றைத் துரைமாரின் பெயர்களோடு எழுதியவர்கள், அந்த மெஷின்களை நிற்காமல் ஓடவைத்த தமிழ் ஃபிட்டர்களின் பெயரை எழுதவில்லை. எங்கள் வியாபாரிகள் பலருக்கு டெப்பட் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். இதை எங்கள் சமூகம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

இப்படிக் காப்பாற்றிய கைகளின் பெறுமதி வெளிநாட்டுக்கும் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து இங்கேயே மொரிஸ் பாகங்கள் செய்ய வைத்தார். வண்டியைக் கண்டுபிடித்த நாட்டுக்கு நாங்கள் பாகம் அனுப்பினோம்.

1977க்குப் பிறகு ஜப்பான் டீசல் பிக்கப்புகள் வந்தன. பொயின்டும் பிளக்கும் காபரேட்டரும் போயின. டெப்பட் மட்டும் மிஞ்சியது. டீசலில் வீட்டு வேலை என்பது ஃபில்டர் மாற்றுவது, லைனில் உள்ள காற்றை எடுப்பது, ஹீட்டர் பிளக் பார்ப்பது, பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் டைமிங் பெல்ட்டின் கிலோமீற்றர் கணக்கை மறக்காமல் இருப்பது. நொசிலும் பம்பும் பம்ப் ரூமுக்குத்தான் போக வேண்டும். நொசிலில் இருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதை இளைஞர்கள் விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளைக்கு நல்லது. பழைய எஞ்சினின் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தையாக இருந்தது என்பதால், கடினமான சீட் போட வேண்டி வந்தது. 2008 இல் புகைப் பரிசோதனை வந்தது. டியூன் பண்ணாத வண்டிக்கு அன்றிலிருந்து ஒளிய இடமில்லை.

பிறகு 2020 மார்ச்சில் மறுபடியும் வாகன இறக்குமதி நின்றது. 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் முறை: காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. பத்து வருஷமாகத் திறக்காத டூல் பெட்டிகளை ஊரில் திறந்தார்கள். பழைய ஆட்களிடம் பையன்கள் போய் நின்றார்கள். 1970களில் வாப்பாமார் படித்த பாடத்தை ஐம்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அவசரமாகப் படித்தார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்தது. விலையைக் கேட்டுவிட்டு எங்கள் மரக்கறி வியாபாரிகள் பழைய பிக்கப்பையே துடைத்து எடுத்தார்கள்.

புதிய பிக்கப்பில் காற்றழுத்தத்தை சென்சர் அளக்கிறது, எவ்வளவு டீசல் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. அந்த நட்டுக்கு அங்கே வேலையில்லை. அதில் எங்களுக்குக் கவலையும் இல்லை. கவலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளைப் பற்றித்தான். அவற்றின் கைநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் இருப்பது பெரியவர்களின் தலைக்குள் மட்டும். கடந்த சில வருஷங்களில் அப்படிப்பட்ட எத்தனை ஜனாஸாவைச் சுமந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மொரிஸ், ஒஸ்டின், பழைய ஹைலக்ஸ், இஸுசு எதுவானாலும், வீட்டில் பழைய கைநூலோ, அளவுகள் எழுதி வைத்த கொப்பியோ இருந்தால் எங்களிடம் தாருங்கள். டெப்பட், பொயின்ட், டைமிங் பக்கங்களைத் தமிழில் எழுதி, தந்தவரின் பெயரோடு பாடசாலை நூலகத்தில் வைக்கிறோம். எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை. ஃபோனில் படமெடுத்து அனுப்பினாலும் போதும்.