பரிசோதனை அறையில் மூன்றாமவர்: சிக்கந்தராபாத் பாளையம் முதல் நோயாளர் உரிமைச் சாசனம் வரை

மார்பகம், பிறப்புறுப்பு, மலக்குடல் முதலிய மறைவிடங்களை மருத்துவர் சோதிக்கும்போது நோயாளிக்குத் துணையாக மற்றொருவர் அறையில் இருப்பது இன்று மருத்துவ அறத்தின் ஒரு கூறாக ஏற்கப்பட்டுள்ளது. அவ்வாறு இருப்பவரை இக்கட்டுரை உடனிருப்பாளர் எனக் குறிக்கிறது. திருமுல்கேரியை உள்ளடக்கிய சிக்கந்தராபாத் படைப்பாளையத்தையும் ஐதராபாத் நகர மருத்துவமனைகளையும் முன்வைத்து நோக்கினால், அறையில் மற்றொரு பெண் இருந்ததனாலேயே நோயாளி காக்கப்பட்டார் என்று கொள்ள இயலாது என்பதும், அப்பெண் எவர் சார்பில் நின்றார் என்பதே எக்காலத்தும் முடிவான கேள்வியாக இருந்தது என்பதும் புலப்படும்.

பாளையமும் கட்டாயச் சோதனையும்

1806இல் உருவான சிக்கந்தராபாத் பாளையத்தில் திருமுல்கேரி, ஐரோப்பியப் படையினரின் குடியிருப்பும் அகழி சூழ்ந்த அரணும் படைச் சிறையும் மருத்துவமனையும் அமைந்த பகுதியாக வளர்ந்தது. படைவீரரிடையே பால்வினை நோய் பரவுவதைத் தடுக்கும் நோக்குடன் 1864ஆம் ஆண்டின் பாளையச் சட்டமும் 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றின் கீழ்ப் பாலியல் தொழிலாளர் எனப் பதிவு செய்யப்பட்ட பெண்கள் குறித்த கால இடைவெளியில் உடற்சோதனைக்கு வரவேண்டும் என்றும், நோய் காணப்பட்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட மருத்துவமனையில் குணமாகும்வரை அடைத்து வைக்கப்படுவர் என்றும், வர மறுத்தால் தண்டிக்கப்படுவர் என்றும் விதிக்கப்பட்டது.

1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இம்முறையைக் கண்டித்த பின்னரும் அது தொடர்கிறதா என்று அறிய, அமெரிக்கரான எலிசபெத் ஆண்ட்ரூ, கேதரின் புஷ்னெல் ஆகிய இருவர் 1891–92இல் வட இந்தியப் பாளையங்களுக்குச் சென்றனர். அங்கே ‘மஹல்தார்னி’ எனப்பட்ட மேற்பார்வைப் பெண்களே பிற பெண்களைச் சோதனைக்குக் கொண்டுவரும் பொறுப்பில் இருந்ததை அவர்கள் பதிவு செய்தனர். சோதிக்கப்பட்டவரின் விருப்பத்திற்கு இடமே இல்லாத அம்முறையில், உடன் வந்த பெண் அரசின் ஏவலராகவே செயல்பட்டார்.

திரைமறைவும் பெண் மருத்துவரும்

இதற்கு நேர்மாறான நிலை ஐதராபாத்தின் உயர்குடி இல்லங்களில் நிலவியது. பர்தா காத்த பெண்களை ஆண் மருத்துவர் நேரில் காண்பதே அரிது; நோயின் குறிகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் வாயிலாகவே அவரை எட்டின. இங்கு உடனிருந்தவர் குடும்ப மானத்தின் காவலராக விளங்கினார். ஆயினும் நோயாளி தன் நோயைத் தன் வாயால் சொல்லும் வாய்ப்பு அதனாலேயே சுருங்கியது. 1846இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் மருத்துவப் பள்ளி 1885இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டதும், அதே ஆண்டில் இந்தியப் பெண்களுக்குப் பெண்களாலேயே மருத்துவ உதவி அளிக்க டஃபரின் சீமாட்டி நிதி நிறுவப்பட்டதும் இச்சிக்கலுக்குக் கிடைத்த விடைகளாகும்.

அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவரான ரூபாபாய் ஃபர்தூன்ஜி 1889இல் ஹக்கீம் பட்டம் பெற்று, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவராகப் போற்றப்படுகிறார். எட்வர்ட் லாரி தலைமையில் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணைக்குழுக்கள் ஆய்வு நடத்திய சூழலில் அவர் பயின்றார் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. மயக்க மருந்து, உடனிருப்பாளர் வரலாற்றில் புதியதொரு காரணத்தைச் சேர்த்தது: நினைவிழந்த நோயாளி தனக்கு நேர்ந்ததைச் சொல்ல இயலாதவர் ஆதலாலும், மயக்கத்தில் தோன்றும் பொய்த்தோற்றத்தால் தம்மீது பழி வரலாம் என்று மருத்துவர்கள் அஞ்சியதாலும், அறையில் ஒரு சாட்சி வேண்டும் என்னும் கருத்து மேலைநாடுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. இச்சாட்சி நோயாளியைக் காத்ததைப் போலவே மருத்துவரையும் காத்தது.

சட்டமும் உரிமையும்

விடுதலைக்குப் பின் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கைது செய்யப்பட்ட பெண்ணைப் பெண் மருத்துவரோ அவரது மேற்பார்வையில் பிறரோ மட்டுமே சோதிக்கலாம் என 53ஆம் பிரிவில் வரையறுத்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், 27ஆம் பிரிவில் மேலும் ஓரடி முன்சென்றது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ சோதனையின்போது உடனிருக்க வேண்டும் என்றும், எவரும் இல்லாதபோது மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. உடனிருப்பாளரின் தகுதியைக் குழந்தையின் நம்பிக்கையே உறுதிசெய்கிறது என்னும் இவ்விதி, இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமோ, ஆண் மருத்துவர் சோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருப்பதைப் பெண் நோயாளியின் உரிமையாகவும், அதை உறுதிசெய்வதை மருத்துவமனை நிர்வாகத்தின் கடமையாகவும் அறிவித்தது.

எனினும் சில இடைவெளிகள் எஞ்சியுள்ளன. பிரிட்டனில் பெண் நோயாளிகளிடம் அத்துமீறித் தண்டனை பெற்ற மருத்துவர் ஒருவரைப் பற்றிய ஏய்லிங் விசாரணை அறிக்கை, உடனிருப்பாளர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் குடும்பத்தாரிடம் அப்பொறுப்பை விடலாகாது என்றும் 2004இல் பரிந்துரைத்தது. நோயாளி, மருத்துவர் ஆகியோரின் பாலினம் எதுவாயினும் உடனிருப்பாளர் வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்பது அந்நாட்டு மருத்துவக் குழுமத்தின் நெறி. இந்தியச் சாசனமோ பெண் நோயாளியை மட்டுமே குறிப்பிடுவதால், ஆண் நோயாளிகளும் திருநர்களும் இவ்வுரிமைக்கு வெளியே நிற்கின்றனர்.

ஆகவே அறையில் ஒரு செவிலியர் நின்றுவிட்டால் கடமை முடிந்தது என மருத்துவமனைகள் கருதுவது, பாளையக் காலத்திலேயே பொய்த்துப்போன ஓர் எண்ணத்தைத் தொடர்வதாகும். சோதனையின் தேவையை முன்கூட்டி விளக்குதல், உடனிருப்பாளர் வேண்டுமா என்று கேட்டு விடையைக் குறிப்பேட்டில் பதிதல், வேண்டாம் என்போரின் முடிவை மதித்தல், முறைகேட்டைக் கண்டால் அஞ்சாமல் தெரிவிக்கும் பாதுகாப்பை உடனிருப்பாளருக்கு அளித்தல் ஆகிய நான்கும் நடைமுறையானால்தான் அறையில் நிற்கும் மூன்றாமவர் மெய்யாகவே நோயாளியின் சார்பில் நிற்பவராவார்.