ஒரு நாற்காலிக் காலின் கதை

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் மரக்காலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெல் அளக்கிற மரக்கால் இல்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் இருக்கிறதே, மேலே தடித்து, கீழே போகப் போகச் சிறுத்து, உருண்டையாக இறங்குகிற கால், அது.

சென்ற மாதம் ஒரு மரச்சாமான் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ரோட்டரி சிஎன்சி இயந்திரம் இப்படி ஒரு காலைச் செய்துகொண்டிருந்தது. லேத்தில் மரம் வேகமாகச் சுற்றும், உளி நின்ற இடத்தில் இருக்கும். இங்கே தலைகீழ். மரம் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது, கட்டர்தான் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக்கொண்டு மரத்தின் நீளத்துக்கு நகர்கிறது. பார்த்துக்கொண்டே நின்றபோது ஒரு கேள்வி வந்தது. இந்தக் காலின் வடிவம் எங்கே இருக்கிறது? யாரிடம் இருக்கிறது?

இதே கேள்வியை ஒவ்வொரு காலத்திலும் கேட்டுப் பார்த்தால் மரம் கடையும் தொழிலின் வரலாறே வந்துவிடுகிறது.

முதலில், கையில் இருந்தது

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலிக்குப் பேர்போனது. அதைச் சுற்றியுள்ள சில்டர்ன் குன்றுகளில் பீச் மரக்காடுகள். அந்தக் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு நாற்காலிக் கால் கடைந்தவர்களுக்கு 'பாட்ஜர்' என்று பெயர்.

இவர்கள் மரத்தை அறுக்கமாட்டார்கள், பச்சையாக இருக்கும்போதே நார் ஓடும் வழியில் பிளப்பார்கள். நார் அறுபடாததால் கால் ஒல்லியாக இருந்தாலும் உறுதியாக இருக்கும். பிறகு கோல் லேத்தில் கடைவார்கள். தலைக்கு மேலே வளையும் கோல் ஒன்று, அதிலிருந்து இறங்கும் கயிறு மரத்தைச் சுற்றி வந்து கால்மிதியில் முடியும். மிதித்தால் மரம் முன்னால் சுற்றும், அப்போது உளி வைக்கலாம். காலை எடுத்தால் கோல் நிமிர்ந்து மரம் பின்னால் சுற்றும், அப்போது சும்மா இருக்க வேண்டியதுதான்.

பாட்ஜர் முழு நாற்காலி செய்யமாட்டார். கால்களும் குறுக்குச் சட்டங்களும் மட்டும். குரோஸ் கணக்கில், அதாவது 144 கால்களுக்கு இவ்வளவு என்று, ஊரிலுள்ள பட்டறைகளுக்கு விற்பார். உட்காரும் பலகையைச் செதுக்குகிறவர் வேறு, சேர்த்துப் பூட்டுகிறவர் வேறு. 1875 வாக்கில் ஹை விக்கத்தில் ஒரு நாளைக்கு 4,700 நாற்காலிகள் தயாரானதாக ஒரு மதிப்பீடு உண்டு. நான்கு காலும் கடைந்தவை என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 18,800 கால்கள். ஏறக்குறைய 130 குரோஸ்! அத்தனை கால்களிலும் சரிவு எவ்வளவு என்பது பாட்ஜரின் கையிலும் கண்ணிலும்தான் இருந்தது. கூலியோ எண்ணிக்கைக்குத்தான்.

அடுத்து, மாதிரிக்குப் போனது

அமெரிக்காவில் இது வேறு வழியில், அதுவும் பாட்ஜர்களின் அந்த உச்சக் காலத்துக்கு முன்பே, மாறத் தொடங்கிவிட்டது. மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. துப்பாக்கிக் குழலைக் கடைய இயந்திரம் செய்துகொடுத்தவர் தாமஸ் பிளான்சார்ட். அப்போது மரக்கட்டைப் பிடி செதுக்கும் தொழிலாளி ஒருவர், "என் வேலையை இவரால் கெடுக்க முடியாது" என்று சொன்னதாகவும், அதைக் கேட்டுத்தான் பிளான்சார்ட் யோசிக்க ஆரம்பித்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

கதை எப்படியோ, 1819இல் அவர் காப்புரிமை வாங்கிய இயந்திரம் நிஜம். ஒரு மாதிரியும் ஒரு மரக்கட்டையும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும். மாதிரியின் மேல் ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அது ஏறினால், வேகமாகச் சுற்றும் கட்டரும் ஏறும். அது இறங்கினால் இதுவும் இறங்கும். முடிவில் மாதிரியைப் போலவே இன்னொன்று. துப்பாக்கிப் பிடி, கோடரிக் காம்பு, செருப்புத் தைக்கும் அச்சு, சக்கர ஆரம் என்று இந்த முறை எல்லா இடத்துக்கும் பரவியது.

வடிவம் கையை விட்டு இயந்திரத்துக்குள் போனவுடன் அதற்கு ஒரு உடைமையாளர் வந்துவிட்டார். பிளான்சார்டின் காப்புரிமையை அமெரிக்க காங்கிரஸ் 1834இலும் 1848இலும் நீட்டித்தது. கைத்திறனுக்குக் காப்புரிமை கிடையாது, இயந்திரத்துக்கு உண்டு.

கடைசியில், எண் ஆனது

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1940களில் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் என்பவர் சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டரின் இறக்கைகளைச் செய்துகொடுத்தார். எங்கே வைத்து? மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில்! உள்ளே வைக்கும் பாகங்களும் மரம்தான். அவற்றின் வளைவுக்காக அவருக்குக் கொடுக்கப்பட்டவை 17 புள்ளிகள். நடுவில் உள்ளதைக் கையால் வரைந்து நிரப்ப வேண்டும்.

ஒரு இறக்கை உடைந்துபோன பிறகு பார்சன்ஸ் வேறு வழி தேடினார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டூலன், ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரத்தை வைத்து 17 புள்ளிகளுக்குப் பதிலாக 200 புள்ளிகளைக் கணக்கிட்டார். ஒருவர் எண்களை வாசிக்க, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கைப்பிடியைத் திருப்பி அந்தப் புள்ளிகளில் வெட்டினார்கள். அந்த மூன்று பேர்தான் முதல் சிஎன்சி என்று சொல்லலாம் :-)

பிறகு விமானப்படையின் பணம் வந்தது, எம்.ஐ.டி. உள்ளே வந்தது. 1952இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்துத் தானாக வெட்டும் இயந்திரத்தை எம்.ஐ.டி. காட்டியபோது பார்சன்ஸ் ஓரத்துக்குப் போயிருந்தார். ஆனாலும் 1958இல் காப்புரிமையும், 1985இல் ஸ்டூலனோடு சேர்ந்து அமெரிக்க அரசின் தொழில்நுட்பப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன.

ஆக, நான் பார்த்த ரோட்டரி சிஎன்சி லேத்தின் பிள்ளை இல்லை. மெதுவாகச் சுற்றும் மரம், வேகமாகச் சுற்றும் கட்டர் என்று அப்படியே பிளான்சார்டின் இயந்திரம்தான். மாதிரி இருந்த இடத்தில் பார்சன்ஸின் எண்கள் உட்கார்ந்துவிட்டன.

கணக்கும் எளிது. 700 மி.மீ. நீளமுள்ள கால், மேலே விட்டம் 60, கீழே 30 என்று வையுங்கள். நடு அச்சிலிருந்து கட்டரின் உயரம் 30 மி.மீ.யில் தொடங்கி 15இல் முடிய வேண்டும். மரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கட்டர் 2 மி.மீ. நகர்ந்தால் மொத்தம் 350 சுற்று, அதாவது 1,26,000 டிகிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 0.043 மி.மீ. இறங்கும். கட்டையின் மூலைகளைச் சீவி எடுத்த பிறகு, இந்தக் கடைசி ஓட்டத்தை ஒரே வரி ஜி-கோடில் எழுதிவிடலாம். பாட்ஜரின் வாழ்நாள் பழக்கம், ஒரு வரி!

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது இது. பாட்ஜரால் வித்தியாசமான கால் ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் கூடுதல் செலவில்லாமல் செய்ய முடியும். பிளான்சார்டின் இயந்திரத்துக்கு முதலில் மாதிரி செய்ய வேண்டும், ஆயிரம் துண்டு செய்தால்தான் அந்தச் செலவு தேறும். எண் வந்த பிறகு, மாதிரியை மாற்றுவது என்றால் எண்ணை மாற்றுவதுதான். அதனால் ஒரே ஒரு கால் செய்வதும் மறுபடி கட்டுப்படியாகிறது. இருநூறு வருடம் சுற்றி, பாட்ஜர் நின்ற இடத்துக்கே வந்திருக்கிறோம். பாட்ஜர்தான் இல்லை. சில்டர்ன் காடுகளில் அந்தத் தொழிலை நம்பிப் பிழைத்த கடைசிச் சிலரும் 1960 வாக்கில் ஓய்ந்துவிட்டார்கள்.

முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். அன்றைக்கு அந்தப் பட்டறை அண்ணன் இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன் ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "ஒல்லி முனை வர்ற இடத்துல முடிச்சு இருக்கு தம்பி. இயந்திரம் நல்லாத்தான் வெட்டும், உட்கார்ந்தா ஒடிஞ்சிடும்" என்றார்.

அது எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. சரி நண்பர்களே, நான் படிக்கப் போகிறேன்!