51 அங்குலம்

ஆலை உரிமையாளர்கள் எடுப்பித்த பழைய நிழற்படங்கள் பலவற்றில் தொழிலாளிக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய கொதிகலனின் ஓரத்தில் அவன் நிறுத்தப்பட்டிருப்பான். இயந்திரத்தின் பருமையைப் பார்ப்பவர் உணர்வதற்கு அவன் ஓர் அளவுகோல். அளவுகோலுக்குப் பெயர் எதற்கு? இத்தகைய படங்களை உழைப்பாளர் வாழ்வின் சான்றாகக் கொள்பவர், படக்கருவியை நிறுத்தியவர் யார் என்பதையே முதலில் கேட்டல் வேண்டும்.

நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராயிருந்த லூயிஸ் ஹைன் அந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்தார். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அமெரிக்கப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுத்தார். வாயிலில் தடுத்தால் விவிலிய விற்பனையாளராகவோ, இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவராகவோ வேடம் புனைந்து நுழைவார். தம் மேலங்கிப் பொத்தான்களைக் கொண்டு குழந்தைகளின் உயரத்தைக் கணித்துக்கொள்வார்.

1908 டிசம்பரில் வட கரோலினாவின் விட்னல் பஞ்சாலையில் எடுத்த படம் ஒன்று. நூற்பு இயந்திர வரிசையருகே ஒரு சிறுமி நிற்கிறாள். உயரம் 51 அங்குலம், ஓராண்டாக வேலை, சில நாள் இரவிலும் உண்டு, நான்கு ‘சைடு’ பார்க்கிறாள், நாட்கூலி 48 சென்ட் என்கிறது ஹைனின் குறிப்பு. (நம் ஆலைகளிலும் ‘சைடு’ பார்ப்பவர் ‘சைடர்’தான்.) வயதைக் கேட்டபோது தயங்கி, நினைவில்லை என்றாளாம். பின்னர் இரகசியம்போல், வேலைக்குரிய வயது தனக்கு இன்னும் ஆகவில்லை, ஆயினும் செய்வதாகச் சொன்னாளாம். இரக்கத்தைத் தூண்டும் அடைமொழி ஒன்றும் அக்குறிப்பில் இல்லை. கவிதை எழுதுவோர் இதனைக் கூர்ந்து நோக்குதல் நன்று. அவள் பெயரும் அதில் இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

படத்தைக் கண்டு முதலாளியை மட்டும் சினப்பது எளிது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்த ஆலைகளின் சரக்கு மாநில எல்லை கடப்பதை 1916-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1918-இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. வழக்கைத் தொடுத்தவர் அதே வட கரோலினாவின் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர். தம் இரு மகன்களும் தொடர்ந்து ஆலையில் உழைக்க வேண்டும் என்பதற்காக! அந்தக் கூலியின்றி அடுப்பெரியாத வீடுகள் எத்தனையோ. வீட்டின் அக்கணக்கு ஆலைக்குள் எடுத்த எந்தப் படத்திலும் விழுவதில்லை.

நிலைத்த கூட்டாட்சிச் சட்டம் 1938-இல்தான் வந்தது. விட்னல் சிறுமி உயிரோடிருந்தால் அப்போது ஏறக்குறைய நாற்பது வயதினள். ஹைனோ வேலை வாய்ப்பின்றி, கடனில் வீட்டையும் இழந்து, 1940-இல் வறுமையில் இறந்தார்.