ஸனாயா முதல் நவாஜித் வரை: பற்களின் பெயர்கள் சொல்லும் வரலாறு

சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவி ஒருவர் அண்மையில் தம் பாடநூலுடன் மதரஸாவுக்கு வந்திருந்தார். பல் மருத்துவம் முதலாண்டு பயில்கிறார். பற்களின் பெயர்களை மனனம் செய்வதே பெரும்பாடாக உள்ளது என்று கூறியவர், “உஸ்தாத், இவற்றைத்தானே மக்ரஜ் பாடத்தில் எங்களுக்கு ஓதிக் கொடுத்தீர்கள்?” என்றும் கேட்டார். அவர் கேட்டது உண்மையே. பல்லின் பெயர் தெரியாமல் தஜ்வீத் இல்லை. ‘ஸா’ என்ற எழுத்துக்கு நாவின் நுனி மேல் ஸனாயாவின் விளிம்பைத் தொட வேண்டும். ‘ளாத்’துக்கு நாவின் பக்கம் அள்ராஸ் எனும் கடைவாய்ப் பற்களைச் சேர வேண்டும். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் வகுத்த ஸீபவைஹி தம் ‘அல்கிதாப்’ நூலில் எழுத்துகளின் பிறப்பிடங்களை இப்பெயர்களைக் கொண்டே விளக்கினார்.

அந்தப் பெயர்களை ஒருமுறை வரிசையாகக் காண்போம். முன்னால் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உள்ளவை ஸனாயா, நான்கு. அவற்றை அடுத்து இருபுறமும் ரபாஇய்யாத், நான்கு. பின் கோரைப் பற்களாகிய அன்யாப், நான்கு. அடுத்து, சிரிக்கும்போது வெளிப்படுவதால் ளவாஹிக், நான்கு. அரைப்பவையாகிய தவாஹின், பன்னிரண்டு. கடைசியில் நவாஜித், நான்கு. ஆக 32. இன்றைய மருத்துவமும் 32 என்றே எண்ணுகிறது. ஆனால் பகுப்பு வேறு. வெட்டுப் பற்கள் 8, கோரைப் பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, பின்கடைவாய்ப் பற்கள் 12. முன்கடைவாய்ப் பற்களுள் முதலாவதை மட்டுமே நம் முன்னோர் ளவாஹிக் என்றனர். இரண்டாவதைத் தவாஹினில் சேர்த்துவிட்டனர். எனவே தவாஹின் பன்னிரண்டும் பாடநூலின் பின்கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டும் ஒன்றல்ல. எண்ணிக்கை ஒத்துப்போவதால் மாணவர்கள் இங்கே எளிதில் ஏமாறுவர்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் இந்த நுட்பம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, கி.பி. 625இல் நடந்த உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் பல் உடைக்கப்பட்டது என்று நாம் படிக்கிறோம். அறிவிப்பில் வந்துள்ள சொல் ‘ரபாஇய்யா’. அது கீழ்வரிசையில் வலப்புறத்து ரபாஇய்யா என்பதை இப்னு ஹிஷாமின் ஸீரா தெரிவிக்கிறது. அந்தப் பல் வேரோடு பெயர்க்கப்படவில்லை, அதிலிருந்து ஒரு துண்டு மட்டுமே உடைந்தது என்று இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) ‘ஃபத்ஹுல் பாரீ’யில் விளக்குகிறார். “பல் விழுந்தது” என்று பயானில் சொல்லிவிடுகிறோமே, அது பிழை. நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தோம். அன்று பல்லை முழுதாக இழந்தவர் அபூ உபைதா (ரலி). நபியவர்களின் கன்னத்தில் பதிந்திருந்த தலைக்கவசத்தின் இரு வளையங்களைத் தம் பற்களால் கடித்து இழுத்தபோது அவருடைய ஸனாயா இரண்டும் விழுந்தன.

பல்லின் பெயர் ஒரு மனிதனுக்குரிய நீதியையே தீர்மானித்த வரலாறும் உண்டு. பல்லைச் சேதப்படுத்தியவர் ஒரு பல்லுக்கு ஐந்து ஒட்டகம் ஈடு தரவேண்டும். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம். அப்படியெனில் அள்ராஸுக்கும் அதே ஐந்துதானா? இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ இவ்வழக்கைப் பதிவு செய்கிறது. உமர் (ரலி) கடைவாய்ப் பல்லுக்கு ஓர் ஒட்டகம் என்றார்கள். முஆவியா (ரலி) ஐந்து என்றார்கள். மதீனாவின் அறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்), “நானாக இருந்தால் இரண்டு என்பேன்” என்ற கருத்தைத் தெரிவித்தார். ஏன் இரண்டு? ஸனாயா, ரபாஇய்யாத், அன்யாப் ஆகிய 12 பற்களுக்கும் ஐந்தைந்தாக 60. எஞ்சிய 20 பற்களுக்கு ஒவ்வொன்றாக 20. மொத்தம் 80, உயிரின் ஈட்டை விடக் குறைவு. ஐந்தைந்தாகக் கணக்கிட்டால் 160, அதனை விஞ்சிவிடுகிறது. இரண்டிரண்டாகக் கணக்கிட்டால் சரியாக நூறு! பல்லை எண்ணத் தெரியாதவருக்கு இந்தக் கணக்கு விளங்காது.

எனினும் நிலைபெற்றது இக்கணக்கன்று. முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் ஒன்றாகுமா என்று மர்வான் ஆளனுப்பிக் கேட்டபோது, இப்னு அப்பாஸ் (ரலி) விரல்களை நினைவூட்டினார்கள்: பெருவிரலும் சிறுவிரலும் பயனில் சமமல்ல, ஈட்டில் சமம். நம் ஷாஃபிஈ மத்ஹபிலும் எல்லாப் பல்லுக்கும் ஐந்தே. அதே நூல்கள், ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி வேறு, உள்ளே புதைந்த ‘ஸின்க்’ வேறு என்றும் பிரிக்கின்றன. வெளிப்பகுதி மட்டும் உடைந்தாலும் முழு ஈடு. ஸின்கோடு பெயர்ந்தாலும் அதே ஈடுதான், கூடுதல் இல்லை. மாணவியின் நூலில் பல்முடி, பல்வேர் என்று இருப்பவை இவையே. பால்பல் விழாத குழந்தையின் பல்லாயின், மீண்டும் முளைக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

மருத்துவர்களும் பின்தங்கவில்லை. கீழ்க்கடைவாய்ப் பற்களை விட மேலுள்ளவற்றுக்கு வேர்கள் மிகுதி, ஏனெனில் அவை தொங்குகின்றன என்று இப்னு ஸீனா ‘அல்கானூன்’ நூலில் காரணம் கூறினார். அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவீ (936–1013) பல் சுரண்டும் கருவிகளை வரைந்து காட்டினார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டக் கற்பித்தார். வலி ஏமாற்றும், நோயாளி நல்ல பல்லைச் சுட்டிக்காட்டிவிடுவார், அதைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று அவர் எச்சரித்ததையும் படித்துக் காட்டினோம். மாணவி சிரித்துவிட்டார்.

சிரிப்பு என்றதும் நவாஜித் நினைவுக்கு வருகிறது. நபியவர்கள் நவாஜித் தெரியச் சிரித்ததாகச் சில ஹதீஸ்களில் வருகிறது. ஆயிஷா (ரலி) அவர்களோ, உள்நாக்கு தெரிய அவர்கள் சிரித்துக் கண்டதில்லை, புன்னகைப்பார்கள் என்றே அறிவிக்கிறார்கள். எனவே உலமாக்களில் சிலர் அங்கே நவாஜித் என்பது ளவாஹிக்கையோ அன்யாபையோ குறிக்கும் என்றனர். வேறு சிலர் சிரிப்பின் மிகுதியைச் சொல்லும் வழக்கு என்றனர். பருவமடைந்த பின்னரே முளைப்பவை அவை. சிலருக்கு முளைப்பதே இல்லை, அவர்களுக்கு 28 பற்கள்தாம் என்று இப்னு ஸீனா குறித்திருக்கிறார்.

மாணவிக்கும் இன்னும் முளைக்கவில்லையாம். அவருடைய நூலில் ‘ஞானப்பல்’ படத்தின் ஓரத்தில் ‘நாஜித்’ என்று அரபியில் எழுதிக் கொடுத்தோம்.