கறிவேப்பிலை: பயன்களும் வரம்புகளும்

குமணன்சாவடி, பூவிருந்தவல்லிப் பகுதிக் கடைகளில் காய்கறி வாங்கும்போது கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை, நம் சமையலில் அன்றாடம் இடம்பெறும் மூலிகையாகும். எனினும், உணவில் இடப்படும் இலைகளுள் பெரும்பகுதி தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுகிறது. மறுபுறம், இதனை மட்டுமே நம்பி இரத்தசோகைக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை நிறுத்திவிடுவோரும் உள்ளனர். இவ்விரண்டும் தவிர்க்கப்பட வேண்டியவை.

கறிவேப்பிலை என்பது யாது?

இது எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். இதன் தாவரவியல் பெயர் முர்ராயா கோயனிகி. 1768ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இப்பகுதியின் தாவரங்களை ஆராய்ந்த யோகான் கெரார்டு கோயனிக் என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

இதில் உள்ள சத்துகள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் ஏறத்தாழ 650 மில்லிகிராம் கால்சியமும், 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான இரும்புச்சத்தும் உள்ளன. நார்ச்சத்தும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் இதில் மிகுதி.

ஆனால் எவரும் ஒரு வேளைக்கு 100 கிராம் இலையை உண்பதில்லை. தாளிதத்தில் இடும் ஒரு கொத்தின் இலைகள் சில கிராம் எடையே இருக்கும். துவையலுக்கு அரைக்கும் 10 கிராம் இலையை முழுமையாக உண்டாலும், கிடைப்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம் கால்சியமும் 1 மில்லிகிராமுக்கும் குறைவான இரும்புச்சத்துமே. வயதுவந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. எனவே கறிவேப்பிலை நல்ல துணை உணவு. தனித்து நின்று குறையைத் தீர்க்கும் மருந்தன்று.

இரத்தசோகை உள்ளவர்களுக்கு

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியையே உடல் ஈர்த்துக்கொள்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. இந்த அளவைக் கறிவேப்பிலையால் மட்டும் பெற, நாள்தோறும் அரைக் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும்.

மாத்திரை உட்கொள்ளும்போது மலம் கறுப்பாக வெளியேறுவது இயல்பே. அதற்காக அஞ்சி நிறுத்த வேண்டாம். குமட்டலோ மலச்சிக்கலோ இருப்பின் மருத்துவரிடம் தெரிவியுங்கள்; வேளையை மாற்றித் தருவார். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து இம்மாத்திரையை உட்கொள்ளாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

கறிவேப்பிலையில் உள்ள சில வேதிப்பொருள்கள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக விலங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், மருந்துக்கு மாற்றாக இதனைப் பரிந்துரைக்கும் அளவுக்கு மனிதர்களிடம் போதிய சான்று இல்லை. காலையில் சில இலைகளை மென்று தின்பதில் தவறில்லை; அதை நம்பி மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ நிறுத்துவதே ஆபத்து. சர்க்கரை கட்டுப்பாடின்றி உயர்ந்திருப்பதை உடல் பல மாதங்கள் வெளிக்காட்டாமல் இருக்கலாம். அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் பாதிப்படையக்கூடும்.

முழுப் பயன் பெற உண்ணும் முறை

• இலைகளை ஒதுக்காமல் மென்று உண்ணுங்கள். முதியோருக்குத் துவையலாகவோ பொடியாகவோ கொடுக்கலாம்.
• சிறிதளவு எண்ணெயுடன் சேர்க்கும்போது பீட்டா கரோட்டின் நன்கு உறிஞ்சப்படும். கருக விடாதீர்கள்.
• துவையலிலோ சாதத்திலோ எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாகக் கிடைக்கும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர், காபி தவிர்க்கவும்.
• கடையில் வாங்கிய இலைகளைப் புளி அல்லது உப்புக் கரைத்த நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, பின்பு ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். பூச்சிக்கொல்லி எச்சத்தைக் குறைக்க இது உதவும்.
• இடமிருந்தால் வீட்டிலேயே ஒரு செடி வளர்க்கலாம்.

கவனம் தேவைப்படுவோர்

• வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்கள், கீரை மற்றும் இலை வகைகளின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.
• சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், இலைச்சாறு அல்லது பொடியை மிகுதியாக உண்ணும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.
• நீரிழிவு மாத்திரையுடன் கறிவேப்பிலைப் பொடியையோ வேறு மூலிகை மருந்தையோ நாள்தோறும் உட்கொண்டால், மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.
• சிறு குழந்தைகளுக்கு முழு இலையாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

தொடர் சோர்வு, மூச்சிரைப்பு, படபடப்பு, நகமும் கண்ணின் உட்பகுதியும் வெளிறிப்போதல் ஆகியவை இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழித்தல், மிகுந்த தாகம், ஆறாத புண் ஆகியவை நீரிழிவைக் குறிக்கலாம். இவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சந்தேகங்களுக்கு 104 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்க: கறிவேப்பிலையைத் தட்டிலிருந்து ஒதுக்காதீர்கள், அதற்காக மாத்திரையையும் ஒதுக்காதீர்கள்.