வழிப்பட்டியலில் நேர்ந்த வழு

மட்டக்களப்பு வாவியின் மேற்கரையைப் படுவான்கரை என்றும் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். இருகரையையும் இணைக்கும் ஓடத்திற்குப் பாதை என்பது பெயர். மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை பாதையே மக்களைக் கரைசேர்த்தது. பாதை ஓடாத நாளில், எத்துறை திறந்துள்ளது என்பதை எதிர்வருவோர் சொல்லக் கேட்டே வழிப்போக்கர் நடப்பர்.

இணையமும் அயலார் சொல்லை நம்பியே இயங்குவது. அது ஒரே வலையன்று. தனித்தனியே ஆளப்படும் பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தன்னை அடையும் வழியை ஒரு வலையமைப்பு அயலதற்கு அறிவிக்க, அது தன் எண்ணையும் முன்னே சேர்த்து அடுத்ததற்கு உரைக்கும். இவ்வாறு வளரும் எண்வரிசையே வழிப்பட்டியல். இதற்குரிய எல்லைவாயில் நெறிமுறையை 1989 ஆம் ஆண்டில் கேர்க் லொகீட், யாக்கோவ் ரெக்டர் என்னும் இருவர் வகுத்தனர். உணவு மேசையிற் கிடந்த கைத்துடைப்புத் தாள்களிலே அதன் முதல் வரைவு எழுதப்பட்டது என்பர்.

குறுகிய பட்டியலுடைய வழியே பெரும்பாலும் தேரப்படும். ஆதலின், ஒரு வழியில் வரும் போக்குவரத்தைக் குறைக்க விரும்புவோர் தம் எண்ணையே இருமுறை மும்முறை எழுதி அவ்வழியை நீளமாகக் காட்டுவர். இது விதிக்கு முரணன்று. 2009 பெப்ரவரி 16 அன்று செக் நாட்டுச் சிறு வலையமைப்பொன்று இதனையே செய்ய முற்பட்டது. அதன் எண் 47868. எத்தனை முறை எழுதுவது என்று குறிக்கவேண்டிய இடத்தில் அவ்வெண்ணே இடப்பட்டது. கருவியோ அதனை 256 ஆல் வகுத்து, மீதியாகிய 252 ஐக் கொண்டது. ஒரே எண் 252 முறை எழுதப்பட்டு வெளிச்சென்றது. இடைவழியில் வேறு எண்களும் சேர, பட்டியல் 255 என்னும் எல்லையைக் கடந்தது. பழைய வழிப்படுத்திகள் சில தடுமாறின.

தவறு ஒரு கருவியினது. கேட்டைப் பரப்பியதோ விதி. பிழையுற்ற செய்தி வந்தால், அனுப்பிய அயலாரோடு கொண்ட தொடர்பையே துண்டிக்குமாறு 2006 ஆம் ஆண்டின் நியமம் பணித்திருந்தது. துண்டித்தால், அவ்வயலார் சொன்ன நல்ல வழிகளும் உடன் மறையும். மீண்டும் இணைந்தால், அதே செய்தி மீண்டும் வரும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் உலகெங்கும் வழிகள் நிலைகுலைந்தன.

2010 ஓகஸ்ட் 27 அன்று ஐரோப்பாவின் ரைப் பதிவகம் ஆய்வின்பொருட்டு விதிக்கு இயைந்த புதிய குறிப்பொன்றை வெளியிட்டது. சிஸ்கோ நிறுவனத்தின் ஒருவகைக் கருவிகள் அதனைச் சிதைத்து அனுப்பின. பெற்றவர் விதிப்படி தொடர்பை அறுத்தனர். விதியைக் காத்தவராலேயே வலை அறுந்தது.

2015 ஆம் ஆண்டிலே விதி திருத்தப்பட்டது. பிழை நேர்ந்த வழியை மட்டும் விலக்குக, இயன்றவரை தொடர்பைப் பேணுக என்பது அதன் சாரம்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் இணைந்தது. அங்கே ஒரு மாணவர் தேடும் வெளிநாட்டு நூலும் பல எண்களைக் கடந்தே வாவிக்கரை வந்து சேரும். யாரோ எங்கோ பிழைபட இட்ட எண் அவ்வழியைக் குலைத்தல் கூடும். ஓர் ஓடம் பழுதானால் அந்த ஓடத்தை மட்டும் நிறுத்துவர். வாவியின் துறைகள் அனைத்தையும் மூடுவாரில்லை. படுவான்கரையார் இயல்பாக அறிந்த இவ்வுண்மை இணையத்தின் விதியாக அமைய 26 ஆண்டுகள் சென்றன.