ஆந்தியாஸ் மீன் வளர்ப்பு

ஆந்தியாஸ் என்பது வெப்பமண்டலப் பவளப்பாறைகளை ஒட்டிக் கூட்டமாக வாழும் சிறிய கடல் மீன்களின் பொதுப்பெயர் ஆகும். களவா மீன்கள் இடம்பெற்ற செரானிடே குடும்பத்தில் இவை முன்னர் வைக்கப்பட்டிருந்தன; அண்மைய வகைப்பாடுகள் இவற்றைத் தனிக் குடும்பமாகக் கொள்கின்றன. வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் இவற்றின் நிறத்திற்காகவும் கூட்டமாக நீந்தும் அழகிற்காகவும் வளர்க்கப்படுகின்றன. தொட்டிக்கு வந்த ஆந்தியாஸ் மீன்கள் பலவும் நோயினால் அன்றிப் பட்டினியாலேயே மடிகின்றன. சென்னையின் தாம்பரம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளில் கோடை வெப்பமும் மின்தடையும் இவ்வளர்ப்பை மேலும் கடினமாக்குகின்றன.

இனங்களும் இயல்பும்

பரவலாக வளர்க்கப்படுவது சூடாந்தியாஸ் ஸ்குவாமிபின்னிஸ் என்னும் இனமாகும். செங்கடல் முதல் மாலைத்தீவு, இலங்கை வழியாக மேற்குப் பசிபிக் வரை இது காணப்படுகின்றது. பெண் மீன் செம்மஞ்சள் நிறமானது. ஆண் மீன் ஊதா கலந்த சிவப்பு நிறமும், முதுகுத் துடுப்பில் நீண்ட ஒரு முள்ளும் உடையது.

ஓர் ஆண் பல பெண் மீன்களுடன் வாழும். எல்லா மீன்களும் முதலில் பெண்ணாகவே முதிர்கின்றன. ஆண் இறந்தாலோ அகற்றப்பட்டாலோ பெண்களுள் வலியது சில வாரங்களில் ஆணாக மாறிவிடும். இம்மாற்றம் ஆணின் இருப்பைப் பொறுத்தது என்பதை லெவ் ஃபிஷெல்சன் 1970இல் நேச்சர் இதழில் விளக்கினார். ஆகவே தொட்டிக்குப் பெண் மீன்களை மட்டும் வாங்கினாலும் போதும். ஆண் தானே உருவாகும். சிறு தொட்டியில் இரண்டு ஆண்களை விடுவது சண்டையில் முடியும். ஓர் ஆணும் நான்கைந்து பெண்களும் கொண்ட கூட்டத்திற்கு 300 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

தூக்கா, வெண்ட்ராலிஸ் ஆகிய இனங்கள் மிக அழகியவை. எனினும் இவை தொட்டி உணவை எளிதில் ஏற்பதில்லை. புதியவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நன்று.

உணவூட்டல்

கடலில் இம்மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வரும் விலங்கு மிதவையுயிரிகளைப் பகல் முழுவதும் கொத்தித் தின்கின்றன. இரைப்பை சிறியது, ஓயாத நீச்சலால் ஆற்றல் விரைவில் செலவாகின்றது. நாளுக்கு ஒரு முறை வயிறு நிறைய உண்ணும் முறை இவற்றுக்குப் பொருந்தாது. ஒரே அளவு உணவை மூன்று முதல் ஐந்து வேளைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும். வயிறு உட்குழிந்தும் முதுகுத் தசை மெலிந்தும் காணப்படும் மீன் ஏற்கனவே பட்டினியில் உள்ளது. அத்தகைய மீனை வாங்காமலிருப்பதே சிறந்தது.

உறைந்த மைசிஸ், கோப்பிபாடுகள், மீன்முட்டை, பொடியாக நறுக்கிய இறால் ஆகியன ஏற்றவை. சந்தையில் விற்கும் உலர்ந்த சென்னாக்கூனி உப்பும் தூசியும் கலந்தது. அதனை முதன்மை உணவாகக் கொள்ளலாகாது. புதிதாக வந்த மீன் அசையும் இரையையே நாடுவதால் உயிருள்ள ஆர்ட்டீமியா குஞ்சுகளில் தொடங்குவது வழக்கம். இதன் முட்டைகள் 28 பாகை செல்சியசு அளவில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். சென்னையின் வெப்பம் இவ்வளர்ப்புக்கு உதவும் இடம் அநேகமாக இது ஒன்றே. பொரித்த குஞ்சின் சத்து விரைவில் குறைவதால் உடனே இட வேண்டும், அல்லது கொழுப்பு அமிலக் கரைசலில் ஊட்டமேற்றிய பின் இட வேண்டும். வேலைக்குச் செல்வோர் காலையும் மாலையும் இரவும் கையால் இட்டு, நண்பகல் வேளைக்குத் தானியங்கி உணவூட்டியில் குறுணை உணவை வைக்கின்றனர்.

அடிக்கடி இடும் உணவு நீரில் நைட்ரேட்டையும் பாசுபேட்டையும் பெருக்கிப் பாசி வளரச் செய்கின்றது. நீர் கெடுகிறது என்று உணவைக் குறைத்தால் மீன் மெலியும். மீனுக்காகக் கூட்டினால் நீர் கெடும். எனவே குறைக்க வேண்டியது உணவை அன்று, எஞ்சும் கழிவை. உறைந்த உணவை அலசி இடுதல், நுரை வழியே கழிவு பிரிக்கும் கருவி, கடற்பாசி வளரும் துணைத்தொட்டி ஆகியன இதற்கு உதவும்.

நீரும் வெப்பமும்

புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. கேன் தண்ணீரிலும் தாதுக்கள் எஞ்சியிருக்கலாம். எதிர்ச் சவ்வூடு பரவலுக்குப் பின் அயனி நீக்கமும் செய்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவை சேர்க்கப்படும். 300 லிட்டர் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் உப்பு செலவாகும். கோவளம் கடற்கரையில் நீர் எடுப்பதாயின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்க்க வேண்டும்; அப்போது நன்னீர் கலந்து உவர்ப்பு குறைந்துவிடும்.

தொட்டி நீர் 24 முதல் 27 பாகைக்குள் இருத்தல் நன்று. 25 பாகையில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிசனைத் தாங்கும். 31 பாகையில் அது ஏறத்தாழ 6.1 ஆகும். குறைவு சிறிதாகத் தோன்றினாலும், அதே வெப்பத்தில் மீனின் தேவை உயர்கின்றது. மே மாதத்தில் குளிரூட்டி இன்றி இம்மீன்களை வைத்திருப்பது இடரானது.

2016 திசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின் தென்புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மின்தடையின்போது உணவிடுவதை உடனே நிறுத்தி, மின்கல காற்றேற்றியை இயக்க வேண்டும். புயற்காலம் குளிர்ந்தது என்பதால் வீட்டு இன்வெர்ட்டரில் நீரோட்டப் பொறி மட்டும் ஓடினாலும் மீன் தாங்கக்கூடும். கோடை மின்தடையில் குளிரூட்டியும் நின்றுபோவதால் ஆபத்து அதிகம்.

சட்டம்

இந்திய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பாறை உருவாக்கும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியன 2001இல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆகவே இங்குப் பவளப்பாறைத் தொட்டி எனப்படுவதைச் செயற்கைப் பாறைகளைக் கொண்டே அமைத்தல் வேண்டும். ஆந்தியாசுக்கு இதனால் குறையில்லை. அதற்கு வேண்டியது ஒளிந்துகொள்ளப் பொந்துகளும் நீந்தத் திறந்த நீர்வெளியும் மட்டுமே.

இனப்பெருக்கம்

வணிகத்திற்கு வரும் ஆந்தியாஸ் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம் மையம், சூடாந்தியாஸ் மார்சியா என்னும் இனத்தைச் சிறைவளர்ப்பில் இனப்பெருக்கம் செய்வித்துள்ளது. முட்டைகள் நீரில் மிதக்கும். வெளிவரும் இளவுயிரி மிகச் சிறியது. அதன் வாய்க்குள் ஆர்ட்டீமியா குஞ்சு நுழையாது என்பதால் தொடக்க நாட்களில் கோப்பிபாடுகளின் இளவுயிரிகளே உணவாகின்றன. அவற்றைத் தனியே பெருக்க வேண்டியிருப்பதால் வீட்டுத் தொட்டியில் குஞ்சுகளை வளர்த்தெடுப்பது அரிது.